இன்ஜின் வராத படிப்பு

பத்து நாளைக்கு முன் ஆபீசில் தபால் கட்டைப் பிரித்தபோது கருவாட்டு வாசனை அடித்தது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வரும். கோந்து வாசனை, மை வாசனை, சில உறைகளில் சாம்பிராணி வாசனைகூட வந்ததுண்டு. கருவாடு இதுவரை வந்ததில்லை. தலைமை குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரய்யா அது, மத்தியானச் சாப்பாட்டைத் தபாலில் போட்டது?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உறையின் பின்பக்கம் நெட்டுக்குப்பம் என்று எழுதியிருந்தது.

உன் தங்கையின் விண்ணப்பம் அது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதே அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். விருப்பப் பாடங்கள் என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஹிஸ்டரி, லாஜிக், எகனாமிக்ஸ் என்று மையால் எழுதியிருந்தாள். நீ எழுதிய அதே மூன்று, அதே வரிசை. ஜன்னல் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

நாம் இருவரும் விண்ணப்பம் எழுதிய நாள் உனக்கு நினைவிருக்கும். நாடு விடுதலை பெற்ற மறு வருஷம், ஆறாம் பாரம் முடித்திருந்தோம். ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினோம். நான் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, வீட்டில் காட்டி, அப்புறம் மையேற்றினேன். எங்கள் வீட்டில் அப்பா லோகோ ஷெட்டில் பிட்டர், சித்தப்பா பயர்மேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று பேசினாலும் பாய்லரைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆகவே எனக்கு முதல் குரூப்: கணக்கு, பௌதிகம், ரசாயனம். நான் எடுத்தேன் என்று சொல்வது சரியில்லை. எடுத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். நீயோ எடுத்த எடுப்பில் மூன்றாவது குரூப் என்று மையால் எழுதி, ஊதி உலர்த்தி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய்.

கணக்கில் நீதான் வகுப்பில் முதல். கணக்கு வாத்தியார் உன்னை ஸ்டேஷன் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து, "இத்தனை மார்க்கை வைத்துக்கொண்டு ராஜா ராணி கதை படிக்கப் போகிறாயா? மூளை ஏதாவது பிசகிப்போச்சா?" என்று கத்தினார். நீ மரியாதையாகக் கும்பிட்டு, "இல்ல சார், நல்லாத்தான் கீது" என்றாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நானும் மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் உங்கள் குப்பத்தில் வலை உலர்த்தும் திடலில் பாதியை உப்புக் குத்தகைக்காரர் ஒருவர் வேலி போட்டு வளைத்துக்கொண்டார். தாசில்தார் ஆபீசில் விசாரணை நடந்தது. குப்பத்திலிருந்து பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நீயும் போய்ப் பின்னால் நின்றாய். அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: எத்தனை வருஷமாக அங்கே வலை உலர்த்துகிறீர்கள்? "எங்க பாட்டன் காலத்துலேந்து சாமி" என்றார் உங்கள் நாட்டார். குப்பத்துத் தலைவரை நாட்டார் என்றுதானே சொல்வீர்கள். பாட்டன் காலம் என்றால் எந்த வருஷம் என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் ரயிலில் நீ சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. "எப்போலேந்துன்னு கேட்டான்டா. அம்மாம் பெரிய மனுசங்க, ஒருத்தருக்கும் பதில் தெரில. நம்பளுக்கே தெரிலன்னா அவனுக்கு இன்னா தெரியும்? அத்த சொல்லிக்குடுக்கற படிப்பு எது கீதோ, அத்தான் நான் படிப்பேன்" என்றாய். பதினாறு வயதுப் பையன் சொல்கிற பேச்சு, ஒரு வாரத்தில் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். உன்னை நான் சரியாகப் புரிந்துகொள்ளாதது அது முதல் தடவை இல்லை.

உங்கள் குப்பத்து வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டுக் கட்டுமரத்தில் ஆள் குறைந்துவிட்டால், நோயோ சாவோ எதனாலானாலும், மற்ற வீடுகள் வரிசை வைத்து நாளுக்கு ஒருவராக அனுப்பும். முறை ஆள் என்பார்கள். முறை ஆள் வந்துகொண்டிருக்கும் வரை அந்த வீட்டு மரம் கரையில் சும்மா கிடக்காது. பெண்கள் தலையில் சுமக்கும் மீன்கூடைக்கு அப்படி ஒரு முறை கிடையாது. அவரவர் கூடை அவரவர் தலையில். நீ கல்லூரிக்குப் போய்விட்டால் உன் நைனா மரத்தில் ஓர் ஆள் குறைந்துவிடும். உனக்காக இரண்டு வருஷம் முறை ஆள் கேட்பதற்கு உன் நைனா ஊரைக் கூட்டினார். படிப்புக்கு முறை ஆள் கேட்டது அந்தக் கரையில் அதுதான் முதல் தடவை.

இங்கேதான் நான் என் வேலையைக் காட்டினேன். ஊர் கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். உன் நைனா வலையின் கிழிசலைத் தைத்தபடி என்னைக் கேட்டார்.

"இவன் இன்னா படிப்பு படிக்கப் போறான், தம்பி? ஊரு கேட்டா நான் சொல்லணும் இல்ல?"

ஹிஸ்டரி, லாஜிக் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது. எங்கள் வீட்டுப் புத்தி வேறு; படிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது பாய்லரும் பிஸ்டனும்தான். "எல்லாம் ஒண்ணுதான் நைனா. காலேஜுன்னா மோட்டார், இன்ஜின் எல்லாம் வரும்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இன்ஜினா!" என்றார். இன்ஜின் வைத்த படகுகள் வரப்போகின்றன என்று அப்போதே கரையில் பேச்சு இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வார்த்தை குப்பம் முழுவதும் பரவிவிட்டது. நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளிப் படகு மறைவில் நின்றிருந்தார்கள். நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு வருசம் முறை ஆள் குடுக்கறோம். புள்ள இன்ஜின் படிச்சுகினு வந்து ஊரு படகுங்களப் பாத்துக்கணும். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லு" என்றார். தட்டில் கற்பூரம் ஏற்றி உன் முன்னால் வைத்தார்கள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்ன சொல்லை உங்கள் ஊரில் யாரும் மாற்றியதில்லை.

நீ கற்பூரத்தைப் பார்த்தாய். உன் நைனாவைப் பார்த்தாய். பிறகு நேராக என்னைப் பார்த்தாய். ஒரு நொடியில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்: அணைத்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காலேஜுக்குள் வந்து எவன் எட்டிப்பார்க்கப் போகிறான்! நான் உன் இடத்தில் இருந்திருந்தால் இரண்டு கையாலும் அணைத்திருப்பேன்.

"நான் இன்ஜின் படிக்கல" என்றாய்.

வட்டம் கலகலத்துப் போனது. உன் மாமன் எழுந்து நின்றார். அம்மாவின் அண்ணன், ஊரிலேயே பெரிய வலைக்காரர். "ரெண்டு வருசம் எங்க புள்ளைங்க உங்கப்பன் மரத்துல துடுப்பு வலிக்கும், நீ அங்க குந்திகினு ராசா கத படிப்பியா? யார டபாய்க்கிற?" என்றார். நாட்டார் என் பக்கம் திரும்பி, "ஏ தம்பி, நீதான இன்ஜின்னு சொன்ன?" என்று கேட்டார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நீதான் பேசினாய். "அவன வுடுங்க. ராசா கத இல்ல மாமா, நம்ப கத. அன்னிக்கு ஆபீஸ்ல எப்போலேந்துன்னு கேட்டானே, ஒனக்குத் தெரிஞ்சுதா? நாட்டாருக்குத் தெரிஞ்சுதா? பாதி தெடல் பூடுச்சி. மீதியும் கேப்பான். நீங்க இன்ஜின் வாங்குவீங்க, படகு வாங்குவீங்க. அத்த நிறுத்த கரை வாணாவா?"

நாட்டார் மெதுவாக, "நல்லாத்தான் பேசற. ஆனா ஊரு ஆள் குடுக்க ஒத்துகினது இன்ஜினுக்கு. இன்ஜின் இல்லன்னா ஆள் இல்ல" என்றார். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. உன் நைனா எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நீ என்னை அடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஏண்டா அப்டி சொன்ன?" என்று மட்டும் கேட்டாய். அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான், என்று இழுத்தேன். நீ நின்றாய். "கேட்டதுக்கு உள்ளத சொல்லு. கஷ்டப்படறவன் பட்டுக்குவான், அத்த நீ முடிவு பண்ணாத" என்றாய். பிறகு ரயில் வரும்வரை வேறு எதையோ பேசினோம்.

படிப்பை நீ விடவில்லை. ஆள் இல்லையென்றால் நானே ஆள் என்று, விடிவதற்கு முன்பே நைனாவுடன் மரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனாய். கரையேறி, வலையை உதறிப் போட்டுவிட்டு, எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து பாசஞ்சர் வண்டியைப் பிடிப்பாய். ராயபுரத்தில் நான் ஏறும்போது உன் முழங்கையில் உப்பு பூத்திருக்கும். ஒரு கையில் சுட்ட மீனும் மறு கையில் லாஜிக் புத்தகமுமாக உட்கார்ந்திருப்பாய். வகுப்பில் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்தானாம். "மீனு எம்மேல இருந்தா நாத்தம், ஒன் கொழம்புல இருந்தா வாசனையா?" என்று நீ கேட்டதில் வகுப்பே சிரித்து, மறுநாள் அவனே உன் பக்கத்தில் இடம் போட்டு வைத்தான் என்று சொன்னாய். மூன்று நாளைக்கு ஒரு தரம் வகுப்பில் தூங்கிப் போனதையும் மறைக்காமல் சொன்னாய்.

எனக்கு பௌதிகம் ஏறவில்லை. ரயிலில் நீ எனக்கு லாஜிக் சொல்லிக் கொடுப்பாய், அது ஏறியது. "கரைல இருக்கறவன்லாம் கரைக்குச் சொந்தக்காரன் இல்லன்னு சொல்றான். சரி, ஒத்துக்கறேன். அப்போ காயிதம் வெச்சிகினு இருக்கறவன்லாம் சொந்தக்காரனா? அத்த அன்னிக்கு யாருமே கேக்கல பாத்தியா?" என்பாய். எதிரில் உட்கார்ந்திருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்காரர்கூட ஒரு நாள், அதுதானே, என்றார். ஆறு மாதம் இப்படியே ஓடியது. நீ இளைத்துப் போனாய். உன் நைனா உன்னோடு மரத்தில் போவார், வருவார், இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். விட்டுவிடுடா என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "வுடறதுக்கா புட்ச்சேன்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாய்.

நீ சொன்னபடியே அந்தக் குத்தகைக்காரர் மீதித் திடலையும் கேட்டு மனுப் போட்டார். விசாரணைக்கு இரண்டு மாதம் இருந்தது. உன் ஹிஸ்டரி லெக்சரரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு, பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகள் வைத்திருக்கும் ஆபீசுக்குச் சனிக்கிழமை தோறும் போனாய். உள்ளே மைப் பேனா கூடாது, பென்சில்தான். உனக்குப் பென்சில் சீவக்கூட வராது. நான் சீவிச் சீவிக் கொடுத்தேன், நீ பக்கம் பக்கமாகப் பார்த்தாய். உன் படிப்பில் என் பங்கு அவ்வளவுதான், ஆனால் அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. ஆறாவது சனிக்கிழமை கம்பெனி காலத்து நிலப் பதிவு ஒன்றில் உங்கள் முகத்துவாரமும் அந்த மணல்திடலும் அகப்பட்டன. வலைஞர் வலை உலர்த்தும் மணல் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. நீ அதை மூன்று தடவை நகலெடுத்தாய்.

விசாரணையன்று என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய், உன்னுடையதில் தோள்பட்டை கிழிந்திருந்தது. அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை நீ எழுந்து, வருஷத்தைச் சொல்லி, பதிவின் எண்ணைச் சொல்லி, அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தாய். அதிகாரி காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முன்பு போன பாதி போனதுதான், அது திரும்பவில்லை. மீதித் திடல் நின்றது. வெளியே வந்தபோது நாட்டார் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் மாமன் உன் பக்கமே பார்க்கவில்லை. இவ்வளவு செய்தும் ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ரயிலில் ஏறினால் உன் கையில் உப்பு இல்லை. தலை வாரியிருந்தாய். என்னடா என்றேன்.

"காலைல மரத்தாண்ட போனேன். எம்மாமன் நின்னுகினு கீறாரு, கைல துடுப்பு. இன்னா மாமான்னேன். 'நீ போயி படி. மொத முறை என் வூடு'ன்னாரு. அவ்ளோதான்டா. எங்க நைனா அந்தாண்ட திரும்பிகினாரு."

சொல்லிவிட்டு நீயும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திருவொற்றியூர்க்காரர்கள் நிறைந்த வண்டி. நீ அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நான் எழுந்து உன்னை மறைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது வருஷம் முடியும்வரை ஒரு நாள்கூட முறை தவறவில்லை. நீ நல்ல மார்க்கில் தேறினாய். பி.ஏ. சேரச் சொல்லி லெக்சரர் வற்புறுத்தினார். "ஊரு குடுத்தது ரெண்டு வருசம்" என்று சொல்லிவிட்டுக் கட்டுமரத்துக்கே திரும்பினாய். பகலில் கடல், சாயங்காலம் ஊருக்கு மனு எழுதுவது என்று ஆகிவிட்டது உனக்கு. நான் பௌதிகத்தில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டு தேறி, கல்லூரி ஆபீசிலேயே குமாஸ்தா ஆனேன். இன்ஜின் படகுகள் வந்தன. அவற்றை அந்தத் திடலில்தான் ஏற்றி வைத்தார்கள். போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டே நாளில் நீ போய்விட்டாய். இருபத்தாறு வயது. கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, யார்மேல் என்று தெரியாத கோபம். உன் லாஜிக் புத்தகத்தை உன் நைனா என்னிடம் கொடுத்தார். உப்பேறித் தாள்கள் விறைத்துப் போயிருந்தன.

இன்று காலை விண்ணப்பங்களைக் குரூப் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். நாம் படித்த இரண்டு வருஷ இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு இப்போது ஒரு வருஷ பி.யு.சி. என்று வைத்திருக்கிறார்கள், மேஜையில் அடுக்குகள் அப்படியேதான் இருக்கின்றன. தலைமை குமாஸ்தா உன் தங்கையின் காகிதத்தை எடுத்து, "அந்தக் கருவாட்டுக்காரப் பெண்ணா? இதற்கு ஹிஸ்டரி எதற்கய்யா? சயின்ஸ் குரூப்பில் இரண்டு இடம் காலி. பென்சிலால் மாற்றி அதில் தள்ளும். நர்ஸ் வேலையாவது கிடைக்கும்" என்றார். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை.

"மாட்டேன் சார்" என்றேன். "அவள் கேட்டதை மையால் எழுதியிருக்கிறாள். படிக்கப் போவது அவள். கேட்ட இடம் இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள், மாற்றி எழுத நான் ஆள் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். காகிதத்தை மூன்றாவது அடுக்கிலேயே வைத்தேன். பதினொரு மணிக்கு நேர்முகம். உன் தங்கை உள்ளே போனாள், கால் மணியில் வெளியே வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. உன் புத்தகத்தை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் உன் நைனா நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் பத்து வருஷமாக எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார்.

"இவ இன்னா படிப்பு படிக்கப் போறா, தம்பி?"

நாக்கு பழைய வழியில் போகத்தான் பார்த்தது. டீச்சர் ஆகிவிடுவாள், ஆபீசில் உட்காருவாள் என்று இனிப்பாக ஏதாவது சொல்லலாம். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், சந்தோஷப்பட்டுப் போகட்டுமே.

"அவன் படிச்ச அதே படிப்புதான் நைனா. சரித்திரம், லாஜிக், பொருளாதாரம். இன்ஜின் வராது. வேலை கிடைக்கும்னு நான் இப்பவே சொல்ல முடியாது. கஷ்டம்தான்."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ யாரு ஒன்ன இன்ஜினு கேட்டா?" என்றார். "இவ அம்மாவோட கூடை தூக்கிகினு இருந்தா இல்ல, இனிமே அவ ஒண்டியா சுமக்கணுமேன்னு நான் பேஜாராகினு கெடந்தேன். ஊர நான் கூட்டல, யாரையும் கேக்கல. நேத்து பொம்பளைங்களே வூட்டாண்ட வந்து நின்னாளுங்க. இவ காலேஜு போற நாள்லேந்து கூடைக்கு முறை ஆளாம். மொத முறை எம்மச்சான் வூட்டுப் பொண்ணு."

கூடைக்கு முறை வைத்த உன் ஊரை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டபோது நான் உள்ளதைச் சொன்னேன் என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.